இலவசச் சோதனைப் பொருளும் அறுவகை வினாவும்

ஜொகூர் மாநிலத்தின் தென்கோடியில், பாசிர் கூடாங் செல்லும் வழியில் அமைந்த மாசாய், முன்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். 1970ஆம் ஆண்டுகளில் பாசிர் கூடாங் தொழில் வட்டாரமாக உருப்பெற்றது. 1977இல் அங்கே துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. அதன்பின் மாசாயின் முகமும் மாறிற்று. தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான்கள் எழுந்தன. பால் மரம் வெட்டியோரின் மக்கள் தொழிற்சாலைகளில் மாதச் சம்பளம் பெறலாயினர். மாசாய்த் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருள் இன்று கைப்பேசி இல்லாதவர் அரியர்.

அத்தகைய பெற்றோர் ஒருவரின் கைப்பேசிக்குப் புலனம் வழியாக ஒரு செய்தி வருவதாகக் கொள்ளலாம். பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று தன் புதிய திறன்பேசியைச் சந்தைக்கு அனுப்புமுன் சோதித்துப் பார்க்க ஆட்களைத் தேடுகிறதாம். சோதனை முடிந்தபின் கருவி சோதித்தவருக்கே உரியதாம். கட்டணம் ஏதும் இல்லையாம். செய்தியைப் பெற்றவர் அதனைத் தம் பிள்ளையின் தமிழாசிரியரிடம் காட்டி, "சார், இது உண்மைதானா?" என்று கேட்கிறார். தோட்டப்புற நாள்களிலிருந்தே அரசாங்கக் கடிதம் முதல் காப்புறுதித் தாள் வரை எல்லாவற்றையும் பள்ளி ஆசிரியரிடம் காட்டிக் கேட்கும் பழக்கம் மலேசியத் தமிழரிடையே உண்டு. ஆசிரியர் கணினித்துறை வல்லுநர் அல்லர். ஆயினும் இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு வேண்டிய கருவியொன்று அவர் கையிலேயே இருக்கிறது. அஃது அவர் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் இலக்கணம்.

"இலவசம் என்றாலே பொய்" என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அஃது உண்மையன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே பாடம் நடந்தபோது, மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியை முறைவைத்துப் பயன்படுத்திய குடும்பங்கள் பல. அந்நாளில் அரசுசார் நிறுவனங்களின் நிதியைக் கொண்டு, யாயாசான் ஹசானா வழியாக, ஒன்றரை இலட்சம் மாணவர்க்குக் கணினிக் கருவிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ 2011 முதல் அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது. 'இலவச' என்னும் அடையை விடுத்து 'விலையில்லா' என்னும் அடையை இட்டு வழங்கியது. இச்சொல் மாற்றத்தின் நயத்தைத் தமிழாசிரியர்கள் தனியே ஆராயலாம். ஈண்டு வேண்டுவது, கருவி விலையின்றி வருவதும் உண்டு என்பதே. ஒருமுறை உண்மையாகவே வந்ததைக் கண்டவர், அடுத்த முறை வரும் செய்தியையும் நம்ப ஒருப்படுவது இயல்பு. அவரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது பொருந்தாது.

இனி, பலரும் கூறும் மற்றொரு விதி, "பணம் கேட்டால் பொய், கேளாவிட்டால் மெய்" என்பது. முற்பாதி பெரும்பாலும் சரி. பிற்பாதிதான் பலரைக் கவிழ்க்கிறது. பணமே கேளாத ஏமாற்று உண்டு. பெயர், பிறந்த நாள், அடையாள அட்டை எண், முகவரி, வங்கியின் பெயர் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு அத்துடன் விலகிவிடுவோர், அவற்றைப் பிறருக்கு விற்றே ஊதியம் காண்கின்றனர். சில வாரங்கள் கழித்து, வங்கி அதிகாரி என்றோ காவலர் என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அடையாள அட்டை எண்ணைத் தாமே ஒப்பிக்கும்போது, அந்த எண் எங்கிருந்து சென்றது என்பது கேட்பவருக்கு நினைவிராது.

பணம் கேளாததோடு, பணம் தரும் ஏமாற்றும் உண்டு. மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் பெருகிய பகுதிநேர வேலை மோசடிகளுள் ஒருவகை இதுவே. இணையக் கடைகளில் உள்ள பொருள்களுக்கு விருப்பக்குறி இடுமாறு, அல்லது மதிப்பீடு எழுதுமாறு கேட்பர். முதல் நாள் 5 வெள்ளி, 10 வெள்ளி என உண்மையாகவே வங்கிக்கணக்கில் வந்து சேரும். பின்னர், உயர்ந்த பொருளைச் 'சோதிக்க' முன்பணம் கட்டவேண்டும் என்பர். 50 வெள்ளி கட்டியவருக்கு 65 வெள்ளி திரும்பி வரும். 500 கட்டியவருக்கு ஒன்றும் வாராது. அதனை மீட்க இன்னும் 1,000 கட்டுமாறு கூறுவர். முதலில் வந்த 10 வெள்ளியைத் தூண்டிலில் கோத்த புழு என்று கொள்ளல் தகும். எனினும் தம் கண்ணால் கண்ட வரவைப் பொய்யென எவர் சொல்வார்?

பொருளையே அனுப்பிவைக்கும் சூழ்ச்சியும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், கேளாமலே விதைப் பொட்டலங்கள் மக்களின் வீடு தேடி வந்தன. பெரும்பாலும் இது 'பிரஷ்ஷிங்' எனப்படும் வணிகச் சூழ்ச்சியே என அந்நாட்டு வேளாண் துறை கருதிற்று. விற்பனையாளர் ஒருவர் எவருடைய முகவரிக்கேனும் மலிவான பொருளை அனுப்பிவிட்டு, அவர் பெயரால் தாமே புகழ்ந்து மதிப்பீடு எழுதிக்கொள்வது அதன் முறை. பொருள் வந்ததே சான்று என்று நம்பியிருப்பவரின் பெயர், அவர் அறியாமலே சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது.

ஆகவே பணம் எப்பக்கம் செல்கிறது என்று பார்ப்பது மட்டும் போதாது. வினா எத்தகையது என்று பார்த்தல் வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலின் சொல்லதிகாரத்தில் வினாவை ஆறாக வகுத்தார். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரா என்று காணக் கேட்பது அறிவினா. தேர்வுத்தாள் முழுவதும் இதுவே. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இரண்டனுள் எதுவெனத் துணிய மாட்டாது கேட்பது ஐயவினா. ஒன்றைப் பெறுதற்பொருட்டுக் கேட்பது கொளல் வினா. ஒன்றைக் கொடுத்தற்பொருட்டுக் கேட்பது கொடைவினா. ஒரு செயலைச் செய்வித்தற்பொருட்டுக் கேட்பது ஏவல்வினா.

இவ்வகுப்பின் சிறப்பு, சொல் வடிவத்தை நோக்காது கேட்பவரின் கருத்தை நோக்கியது என்பதில் இருக்கிறது. "குடை இருக்கிறதா?" என்னும் ஒரே தொடரை எடுத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்து வந்தவர் கேட்டால் அது கொளல் வினா. கையில் இரு குடை வைத்திருப்பவர், வெறுங்கையுடன் புறப்படும் நண்பரைக் கேட்டால் கொடைவினா. பள்ளிக்குக் கிளம்பும் மகனைத் தாய் கேட்டால், எடுத்துச் செல் என்னும் ஏவல்வினா. தொடரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கருத்தைக் காட்டுவன இரண்டு: கேட்பவர் நிலை; விடை கிடைத்தபின் அவர் செய்யும் செயல். மாணவர்க்கு இதனை விளக்கும் ஆசிரியர், கைப்பேசிச் செய்தியையும் இவ்வாறே பகுத்துக் காட்ட இயலும்.

மேலே சொன்ன செய்தியின் முதல் வினா, "புதிய திறன்பேசியைச் சோதித்துப் பார்க்க விருப்பமா?" என்பது. வடிவில் இது கொடைவினா. அடுத்து வருவன பெயர், வயது, முகவரி பற்றியவை. இவை அறியா வினாவின் வேடம் பூண்டவை. பின், "அஞ்சல் செலவாக 9 வெள்ளி செலுத்த வங்கி அட்டையின் எண் என்ன?" என்று கேட்கப்படும். இங்கேதான் கொளல் வினா முகங்காட்டுகிறது. அதன் பின்னர், "இன்னும் பத்து நிமிடமே உள்ளது, செலுத்திவிட்டீர்களா?" என்று ஏவல்வினாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கொடையில் தொடங்கிக் கொளலிலும் ஏவலிலும் முடிகிற இவ்வரிசையில், விடுபட்டுப் போன வினா ஒன்றுண்டு. திறன்பேசியைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை! இப்போது எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், அவர் வீட்டில் அலைவரிசை கிடைக்கிறதா, வெயிலில் திரை தெரிகிறதா என்பன போன்ற வினாக்களுள் ஒன்றேனும் இல்லாத சோதனை, சோதனை ஆகாது. பொருளைச் சோதிப்பவர்க்கு அறியா வினாவே உயிர். அது வாராதாயின், கேட்பவர் அறிய விரும்புவது பொருளைப் பற்றியன்று என்பது வெளிப்படை.

சில ஏமாற்றாளர் இதனையும் அறிந்து, ஒப்புக்குச் சில வினாக்களை இடைமடுத்து வைப்பர். "எந்த நிறம் பிடிக்கும்?" என்பது போன்றவை அவை. இவற்றைப் பிரித்தறிய வழி எளிது. விடையை மாற்றினால் அடுத்து வருவது மாறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். "எனக்குத் திறன்பேசியைக் கையாளவே தெரியாது" என்று சொன்னவருக்கும், "இருபது ஆண்டு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன்" என்று சொன்னவருக்கும் ஒரே விடையாக "வாழ்த்துகள், நீங்கள் தேர்வு பெற்றீர்கள்" என்று வருமாயின், அங்கே வினாவும் இல்லை, தேர்வும் இல்லை. எழுதியவர் எல்லாரும் முதல் வகுப்பில் தேறும் தேர்வை எந்த ஆசிரியர் நம்புவார்? இதைக் கண்டறியச் செய்தியில் உள்ள இணைப்பைத் திறக்கவும் தேவையில்லை; அனுப்பியவரிடம் இரண்டொரு வரி எழுதிக் கேட்டாலே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2013 மார்ச்சில் தொடுத்த வழக்குகள் இவ்வகையில் நினைக்கத்தக்கவை. பெருங்கடைகளின் பெயரால் 1,000 டாலர் பரிசு அட்டை இலவசம் என்று 18 கோடிக்கும் மேற்பட்ட குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டிருந்தன. இணைப்பைத் திறந்தவர்கள் முதலில் தம் விவரங்களைத் தந்தனர். பின்னர், பரிசுக்குத் தகுதி பெறுவதற்கென்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட கட்டணச் சலுகைகளில் சேரவேண்டியிருந்தது. பரிசு எப்போதும் அடுத்த படியிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் முதியோர்க்கு இஃது ஒரு பழங்கதையை நினைவூட்டும். முன்னாளில் இதழ்களில் எண் கட்டப் போட்டி விளம்பரம் வரும். குறுக்கும் நெடுக்கும் கூட்டினால் ஒரே தொகை வருமாறு நிரப்பி அனுப்பவேண்டும். டிரான்சிஸ்டர் வானொலி பரிசு என்று மறுமொழி வரும், வி.பி.பி. அஞ்சலில் பணம் கட்டிப் பொட்டலத்தைப் பிரித்தால், விளம்பரத்தில் கண்ட வானொலி அதனுள் இராது. தொடக்கப்பள்ளிச் சிறுவனும் நிரப்பக்கூடிய கட்டம் அது. ஒருவரும் தோற்காத போட்டி.

உண்மையான சோதனை எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்தால் போலி தானே விளங்கும். சந்தைக்கு வாராத கருவியை நிறுவனங்கள் எத்துணைக் காவலுடன் வைக்கின்றன என்பதற்கு 2010ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். ஆப்பிள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், வெளிவராத ஐபோன் ஒன்றைக் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் ஒரு மதுக்கடையில் தவறவிட்டார். அது 'கிஸ்மோடோ' என்னும் செய்தித்தளத்திடம் 5,000 டாலருக்கு விலைபோயிற்று. முடிவில் காவலர் அத்தளத்தின் ஆசிரியர் வீட்டையே சோதனையிட்டனர். ஒற்றைக் கருவி வெளியே போனதற்கு இத்தனை கலக்கம் எனின், அத்தகைய கருவிகளை நூற்றுக்கணக்கில், முன்பின் அறியாதவர்க்குப் புலனத்தில் அழைத்துக் கொடுப்பார்களா என்பது கருதிப் பார்க்கத்தக்கது. முன்சோதனைக்குக் கருவி தரும் நிறுவனம், மறைவடக்க ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கும். சோதனை முடிந்தபின் கருவியைத் திரும்பக் கேட்பதும் வழக்கம்.

வெளிவந்த பொருளுக்கு மதிப்பீடு பெறும் முறை வேறு. அமேசான் நிறுவனம் 2007இல் தொடங்கிய 'வைன்' திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. இதில் எவரும் தாமே சேர இயலாது. முன்னர் எழுதிய மதிப்பீடுகள் பிறர்க்குப் பயன்பட்டனவா என்று பார்த்து நிறுவனமே அழைக்கிறது. பொருளைப் பெற்றவர் குறையையும் எழுதலாம். ஆயினும் அமெரிக்காவில் இவ்வாறு பெறும் பொருளின் மதிப்பு வருமானமாகக் கணக்கிடப்படுகிறது; வரி கட்டவேண்டியவர் பெற்றவரே. மெய்யான இலவசமும் முற்றும் இலவசம் அன்று. மறுபுறம், 1936இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பயனீட்டாளர் சங்கம் ஒன்று, இன்று 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என வழங்குவது, தான் மதிப்பிடும் பொருள்களை வாடிக்கையாளர் போலக் கடையில் விலைகொடுத்தே வாங்குகிறது. சோதனையை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர், இலவசப் பொருளைத் தொடவும் தயங்குகின்றனர்! உற்பத்தியாளர் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒன்று, கடையில் கிடைக்கும் ஆயிரத்துள் ஒன்றாகாது என்பது அவர்தம் கருத்து.

நேர்மையான சோதனையில் அறிவினாவும் இடம்பெறுவது சுவையான செய்தி. இல்லாத வணிகப்பெயர் ஒன்றைப் பட்டியலில் கலந்து, "இவற்றுள் எவற்றைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்?" என்று கேட்பது ஆய்வாளரிடையே வழங்கும் உத்திகளுள் ஒன்று. இல்லாத பொருளைப் பயன்படுத்தியதாகக் கூறுபவர் விலக்கப்படுவார். போலிச் செய்தி அனுப்புபவர்க்கு இத்தகைய வடிகட்டி தேவையில்லை. யாவரும் அவர்க்கு வேண்டியவரே.

இரண்டுக்கும் நடுவே மற்றொரு வகை நிற்கிறது. முகநூல், டெலிகிராம் குழுக்களில், "பொருளை வாங்குக, ஐந்து நட்சத்திரம் இடுக, பணம் திருப்பித் தரப்படும்" என்று அழைப்பு வரும். பொருள் வரும், பணமும் பலமுறை திரும்பி வரும். இதனை ஏமாற்று என்று உறுப்பினர் கருதுவதில்லை. ஆனால் வினா இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது. கேட்பதாகக் காட்டுவது ஏவல். இதற்குத் தமிழில் நல்ல சொல் ஒன்று உண்டு: பொய்க்கரி. புகார் நகரத்தின் சதுக்கப் பூதம் ஒறுக்கும் கொடியோருள் பொய்க்கரி புகல்வோரையும் வைத்தது சிலப்பதிகாரம். இக்காலத்துப் பூதங்கள் சற்றுக் காலந்தாழ்த்தே விழித்தன. அமேசான் நிறுவனம் 2016 அக்டோபரில், 'வைன்' ஒழிந்த பிற கைம்மாறு மதிப்பீடுகளைத் தடை செய்தது. பொய் மதிப்பீடுகளை வாங்குவதையும் விற்பதையும் தடுக்கும் அமெரிக்க விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மாசாயில் ஒருவர் இடும் ஐந்து நட்சத்திரத்தை நம்பி, ஈப்போவில் ஒருவர் தரமற்ற மின்னூட்டியை வாங்குகிறார் என்பதே இதில் உள்ள தீங்கு.

மலேசியச் சட்டம் இவ்விடத்தில் பலர் நினைப்பதினும் தெளிவானது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 14ஆம் பிரிவில், கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசோ இலவசப் பொருளோ தருவதாகக் கூறுவதைத் தடுக்கிறது. சரக்குக் குறைவாகவே உள்ளது என்று பொய்யாக விரைவுபடுத்துவதை அடுத்த பிரிவு தடுக்கிறது. 'பயனீட்டாளர்' என்பது மலேசியத் தமிழின் சொல்; தமிழகத்தார் 'நுகர்வோர்' என்பர். உண்பதும் துய்ப்பதும் மட்டுமே நுகர்ச்சி. பயன்கொள்வது அதனினும் விரிந்தது. ஆதலின் மலேசிய வழக்கே பொருள் நிறைந்தது எனல் தகும். நிற்க. சட்டம் தெளிவாயினும், அது முகவரி உள்ளவரையே பிடிக்கும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். ஆனால் எதிர்வாதி இன்னார் என்று சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். நிறுவனத்தின் பெயரும் பதிவெண்ணும் கேட்டு, அவற்றை மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் பதிவேட்டில் ஒப்புநோக்குவது இதனால்தான் முதல் வேலையாகிறது. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. பெரிய நிறுவனத்தின் பெயரை எவரும் எழுதிக்கொள்ளலாம். அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நாமே தேடி எடுத்து, இப்படி ஒரு சோதனை நடக்கிறதா என்று கேட்டால், ஐயவினாவுக்கு உரிய விடை அப்போதே கிடைத்துவிடும். செய்தியில் கொடுத்திருக்கும் எண்ணை அழைத்துக் கேட்பது, திருடனிடமே அவன் நல்லவனா என்று கேட்பதற்கு ஒப்பாகும். பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணைக் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் இட்டு, அதன்மேல் முன்னர்ப் புகார் உண்டா என்று காணலாம். இல்லை என்று வருவதனாலேயே அக்கணக்கு தூயது என்று துணிதல் ஆகாது. கணக்கு நேற்றுத் திறந்ததாக இருக்கலாம்.

கணக்கைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று இளைஞர்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியது. பாசிர் கூடாங்கில் முதல் சம்பளம் வாங்கிப் புதிதாக வங்கிக்கணக்குத் திறந்த பத்தொன்பது வயதினரிடம், "சோதனைப் பொருள்களின் பணம் உங்கள் கணக்கில் வரும், எங்களுக்கு மாற்றிவிடுங்கள், நூற்றுக்கு ஐந்து உங்களுக்கு" என்று கேட்பவர் உண்டு. அப்பணம் வேறொரு குடும்பத்தின் இழப்பு. 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, இவ்வாறு கணக்கைப் பிறர் கையாள விடுவது தனிக் குற்றமாக்கப்பட்டது. ஏமாற்றப்பட்டவராகத் தொடங்கியவர் குற்றஞ்சாட்டப்பட்டவராக முடியும் வழி இது.

2023ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 34,000க்கும் மேற்பட்ட இணைய மோசடி வழக்குகள் பதிவாயின. இழப்பு 120 கோடி வெள்ளியைக் கடந்தது. புகார் செய்யாதவர் கணக்கு இதில் சேரவில்லை. ஆசிரியரிடம் வருபவர் சில வேளை பணத்தைச் செலுத்திவிட்டே வருவார். வெட்கத்தால், "என் நண்பருக்கு" என்று தொடங்குவார். அப்போது அவரிடம் இலக்கணம் பேசிக்கொண்டிருத்தல் தகாது. 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997. வங்கியும் காவல் துறையும் அதில் இணைந்திருப்பதால், பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. அவ்வாய்ப்பு மணிக்கு மணி தேய்வது. ஆகவே அங்கேயே, ஆசிரியர் முன்னிலையிலேயே அழைக்கச் செய்தல் நலம். அதன்பின் காவல் நிலையத்தில் புகார் எழுதவேண்டும். பலர் அவமானம் தாங்காது முதலில் செய்யும் வேலை, புலனத்தில் வந்த உரையாடலை அழிப்பது. அதை அழிக்கலாகாது, அனுப்பியவரின் எண்ணும், கணக்கு எண்ணும், தேதியும் நேரமும் அதில்தான் இருக்கின்றன.